காற்றுத் தரச் சுட்டெண் சொல்லாதது என்ன? யாழ். குடாநாட்டின் ஈரக்காற்றும் புகையின் இரசாயனமும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசடைந்துவிட்டது என்ற காரணத்துக்காக இலங்கையின் அரச பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்த நாட்கள் அவை. புயலின் சுழற்சி இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்றை இலங்கைக்குள் இழுத்து வருகிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கம் தந்தது. மிக மோசமான அளவுகள் பதிவான இடங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் குளிர்காற்றில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் இறந்ததும் அதே நாட்களில்தான்.

அதன்பின் ஒவ்வொரு மாரியிலும் ஒரு புதிய வழக்கம் தொடங்கிவிட்டது. அதிகாலையில் யாரோ ஒருவர் கைபேசிச் செயலியில் தெரியும் சுட்டெண்ணைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவார். மதியத்துக்குள் அது செய்தியாகிவிடும். ‘யாழில் காற்று ஆபத்தான நிலையில்’ என்று ஒரு தலைப்பு, ‘அச்சப்படத் தேவையில்லை’ என்று மறுநாள் இன்னொரு தலைப்பு. நான் இரசாயனவியல் படித்தவரல்லர். ஊடகக் கற்கை படித்து, சுயாதீனமாகச் செய்தி எழுதுபவர். இந்த இரண்டு தலைப்புகளுக்கும் இடையில் வாசகர் எதை நம்புவது என்ற கேள்விதான் என்னை இந்த விடயத்துக்குள் கொண்டுவந்தது.

தேடிப் படித்தபோது தெளிவானது இதுதான். அந்த எண், காற்றில் மிதக்கும் நுண்துணிக்கைகள் எவ்வளவு என்று சொல்கிறது. அவை என்ன பொருட்களால் ஆனவை, எங்கிருந்து வந்தவை, உடலுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை. குடாநாட்டைப் போன்ற கடல் சூழ்ந்த நிலத்தில் காற்றின் ஈரப்பதன், அந்த எண்ணையும் மாற்றுகிறது. துணிக்கையின் உள்ளே நடக்கும் இரசாயனத்தையும் மாற்றுகிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் ‘இந்தியப் புகை’ என்றோ ‘வெறும் பனிமூட்டம்’ என்றோ முடிவுகட்டுவது, எங்கள் நெஞ்சுக்குள் போவதைப் பற்றி நாங்களே கேள்வி கேட்காமல் விடுவதாகும்.

துணிக்கைக்குள் என்ன இருக்கிறது?

சுட்டெண்ணின் அடிப்படை பெரும்பாலும் பி.எம். 2.5 எனப்படும் அளவுதான். விட்டம் 2.5 மைக்ரோமீற்றரிலும் குறைந்த துணிக்கைகளை அது குறிக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை.

இந்தத் துணிக்கைகளில் கரிப்புகை, கடல் உப்பு, மண்தூசி, சல்பேற்று, நைத்திரேற்று ஆகியவற்றுடன் சேதனச் சேர்வைகளும் இருக்கின்றன. விறகு, சருகு, குப்பை, டீசல், சமையல் எண்ணெய் எல்லாவற்றின் புகையிலிருந்தும் வருபவை இந்தக் காபன் சேர்வைகள். மரங்கள் வெளிவிடும் வாயுக்கள் காற்றில் மாற்றமடைந்தும் இவை உருவாகின்றன. உலகின் பல்வேறு இடங்களில் செய்த அளவீடுகளின்படி, மிக நுண்ணிய துணிக்கைகளின் நிறையில் 20 முதல் 90 வீதம் வரை சேதனப் பொருட்களே. ஆயிரக்கணக்கான சேர்வைகள் கலந்திருப்பதால், விளங்கிக்கொள்ள மிகக் கடினமான பகுதியும் இதுதான்.

ஈரப்பதன் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, துணிக்கையை ஊத வைக்கிறது. கடல் உப்பு ஈரத்தை வேகமாக உறிஞ்சும். காற்றின் ஈரப்பதன் 90 வீதமாகும்போது உலர்ந்த உப்புத் துணிக்கை ஒன்றின் விட்டம் இரண்டு மடங்கைத் தாண்டும். கனவளவு பத்து மடங்கைத் தாண்டும். சேதனத் துணிக்கைகள் அவ்வளவு ஊதுவதில்லை என்றாலும், அவற்றின் கனவளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். ஊதிய துணிக்கை ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். அதனால்தான் மாரிக்கால விடியற்காலையில் பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் தீவுப்பக்கம் வெண்மையாக மங்கித் தெரிகிறது. அது முழுக்கப் பனியுமல்ல, முழுக்கப் புகையுமல்ல. தண்ணீர் குடித்த புகை என்று சொல்லலாம்.

சுட்டெண்ணின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தரமான நிலையங்கள் காற்றை உள்ளே எடுக்கும்போதே சூடாக்கி, ஈரத்தை நீக்கிவிட்டுத்தான் துணிக்கைகளை அளக்கின்றன. ஆனால் செயலிகள் காட்டும் எண்களில் பல, மலிவான ஒளியுணரிகளிலிருந்து வருபவை. ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்துக் கணக்கிடும் அந்தக் கருவிகள், தண்ணீரையும் புகையாக எண்ணிவிடும். இன்னும் சில எண்கள், அருகில் நிலையமே இல்லாமல் செய்மதித் தரவையும் கணினி மாதிரியையும் கொண்டு ஊகிக்கப்படுபவை. ஆகவே ஈரம் மிகுந்த அதிகாலையில் செயலி காட்டும் எண்ணின் ஒரு பகுதி வெறும் நீராக இருக்கலாம்.

அதற்காக ‘அப்படியென்றால் பயமில்லை’ என்று விட்டுவிடவும் முடியாது. அதே அதிகாலையில்தான் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே எழாமல் தேங்கி நிற்கிறது. அதே நேரத்தில்தான் அடுப்புகளும் எரிகின்றன, முற்றம் கூட்டிய குப்பைக்கும் தீ வைக்கப்படுகிறது. உண்மையான புகையும் அப்போது கூடுகிறது. இரண்டையும் பிரித்தறிய, சுட்டெண்ணோடு ஈரப்பதனின் அளவும் சேர்த்து வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது, ஈரப்பதன் துணிக்கையை இளக்குகிறது. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு குட்டான் பனங்கட்டி போதும். கோடையில் கல்லுப்போல இருக்கும் பனங்கட்டி, மாரியில் வியர்த்து, இளகி, ஓலைக்கு வெளியே கசிகிறது. சேதனத் துணிக்கைகளும் அப்படித்தான். அவை எப்போதும் திரவத் துளிகளே என்றுதான் நீண்டகாலம் கருதப்பட்டது. பின்லாந்தின் பைன் காட்டுக் காற்றில் செய்த ஆய்வு 2010இல் அதை மாற்றியது. அங்கே துணிக்கைகள் கண்ணாடி போல இறுகியிருந்தன; தட்டில் மோதியபோது ஒட்டாமல் துள்ளி விழுந்தன. மாறாக, அமேசன் மழைக்காட்டின் ஈரக் காற்றில் துணிக்கைகள் பெரும்பாலும் திரவமாகவே இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதனால் எங்களுக்கு என்ன? விறகும் நிலக்கரியும் எரியும்போது உருவாகும் பென்சோபைரீன் என்ற சேர்வை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. திறந்த காற்றில் ஓசோன் அதைத் தாக்கி அழித்துவிடும். ஆனால் குளிர்ந்த, உலர்ந்த காற்றில் சேதனப் பொருட்கள் அதன்மேல் இறுகிய பூச்சாகப் படிந்து, ஓசோன் உள்ளே புகாமல் காக்கின்றன. அந்தப் பாதுகாப்போடு அது மிக நீண்ட தூரம் பயணிக்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. வெப்பமும் ஈரமும் கூடிய அயனமண்டலக் காற்றில் அந்தப் பூச்சு இளகுகிறது. ஓசோன் உள்ளே போகிறது, பென்சோபைரீன் சிதைகிறது. எங்கள் கடல்காற்று இந்த ஒரு விடயத்தில் எங்களுக்குத் துணை நிற்கிறது. என்றாலும் சிதைந்தபின் உருவாகும் புதிய சேர்வைகள் எல்லாம் தீங்கற்றவை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, ஈரப்பதன் துணிக்கையை ஒரு சிறு சமையற் பாத்திரமாக்குகிறது. ஈரம் குடித்த துணிக்கைக்குள் இருக்கும் நீரில், காற்றிலுள்ள வாயுக்கள் கரைகின்றன. விறகுப் புகையிலும் மரங்கள் விடும் வாயுக்களிலும் இருந்து உண்டாகும் கிளையொக்சல் அவற்றில் ஒன்று. கரைந்த வாயு உள்ளே தாக்கமடைந்து, மீண்டும் ஆவியாக முடியாத பெரிய மூலக்கூறாக மாறுகிறது. வாயுவாகப் பறந்து போயிருக்கவேண்டியது துணிக்கையின் நிறையில் சேர்ந்துவிடுகிறது. நீர் பின்னர் உலர்ந்தாலும் அந்தப் புதிய பொருள் மிஞ்சி நிற்கும். காலையில் ஈரம் தந்த எண்ணை ‘வெறும் நீர்’ என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே மழையையும் ஈரப்பதனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மழை காற்றைக் கழுவும். மழை பெய்யாத ஈரக் காற்று கழுவுவதில்லை.

பொலித்தீன் எரியும்போது

இந்த இரசாயனம் எங்கள் வளவுக்குள் வரும் இடம் குப்பைத் தீ. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சச்சின் குந்தேயும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து டெல்லியிலும் சென்னையிலும் துணிக்கைகளின் சேர்மானத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாகின. டெல்லியில் குளோரைட்டு தொடர்ச்சியாக அதிகம்; சென்னையில் இடையிடையே அதிகம். பிளாஸ்ரிக் கலந்த குப்பை எரிவதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஐதரோக்குளோரிக் அமிலம் வாயுவாக வெளிவருகிறது என்றும், டெல்லியில் அது காற்றிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து துணிக்கையின் நீரில் கரைகிறது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். குளோரைட்டு நீரைப் பலமாக ஈர்க்கும். துணிக்கை மேலும் ஊதும். மேலும் ஊதினால் மேலும் வாயு கரையும். டெல்லியில் பார்வைத் தூரம் குறைவதில் ஏறத்தாழ பாதிக்கு இந்த அமிலமே காரணம் என்பது அவர்களின் மதிப்பீடு.

யாழ்ப்பாணம் டெல்லி அல்ல. இங்கே கடல் உப்பிலிருந்தும் குளோரைட்டு வரும் என்பதால், அளக்காமல் எதையும் குப்பைத் தீயின் தலையில் போட முடியாது. ஆனாலும் எங்கள் பழக்கத்தைப் பாருங்கள். மாலையில் ஒழுங்கை வழியே போனால், வேலிக்கரையில் சருகோடு சேர்ந்து பொலித்தீனும் ‘லஞ்ச் சீற்’றும் புகைந்துகொண்டிருப்பது சாதாரண காட்சி. கல்லுண்டாய் குப்பைமேடு தீப்பற்றிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அயலில் வாழும் குடும்பங்களின் முறைப்பாடும் திரும்பத் திரும்ப வருகிறது. உப்புவெளியும் கடலும் சூழ்ந்த அந்த ஈரக் காற்றில் குப்பைப் புகை கலக்கிறது. மாரியில் சருகும் விறகும் நனைந்திருப்பதால் சுவாலையாக எரியாமல் புகைந்து எரிகின்றன. புகைந்து எரியும் தீயே சேதனத் துணிக்கைகளைக் கூடுதலாக வெளியிடும்.

இந்தியப் புகையா, எங்கள் புகையா?

எல்லை கடந்து புகை வருகிறது என்பது கட்டுக்கதையல்ல. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை மாலைதீவைத் தளமாகக் கொண்டு நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனை அதை உலகுக்குக் காட்டியது. அதை நடத்தியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த விஞ்ஞானி வீரபத்ரன் இராமநாதன். மற்றவர் ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற போல் குருட்சன். தென்னாசியாவிலிருந்து வட இந்து சமுத்திரத்தின் மேல் ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பில், மூன்று கிலோமீற்றர் உயரம் வரை பழுப்புப் புகை விரிந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். வடகீழ் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் புகையின் பாதையில் இலங்கையும் இருக்கிறது. மாலைதீவின் ஹனிமாதூவிலும் மேற்கு இந்தியாவிலும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, அந்தப் புகையின் கரியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவற்றை எரிப்பதால் வந்தது என்றது.

ஆனால் கடல் கடந்து வரும் புகை, புறப்பட்ட அதே புகையாக வந்து சேர்வதில்லை. டெல்லி, வங்காளதேசத்தின் போலா, ஹனிமாதூ ஆகிய மூன்று இடங்களின் மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. பழுப்பு நிறம் தரும் சேதனச் சேர்வைகள் வழியில் வெயிலாலும் காற்றின் இரசாயனத்தாலும் பெருமளவு வெளிறிப்போகின்றன என்று அது கண்டது. பல நாள் பயணித்த துணிக்கை முதிர்ந்தது; ஒட்சிசன் ஏறியது; நீரை எளிதில் ஈர்ப்பது. பக்கத்து வளவில் எரிந்த குப்பையின் துணிக்கை இளையது, வேறு அடையாளம் கொண்டது. விறகுப் புகைக்கென்று தனி அடையாளச் சேர்வைகள் உண்டு. பழைய டீசல் இயந்திரத்துக்கும் உண்டு.

அதாவது, ‘வந்த புகை எவ்வளவு, நாங்களே போட்ட புகை எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை காண முடியும். துணிக்கைகளை வடிதாளில் பிடித்து அவற்றின் சேர்மானத்தைப் பார்த்தால் போதும். அந்த விடை இல்லாதவரை ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்ற விளக்கம் உண்மையாக இருக்கும்போதே வசதியானதாகவும் இருக்கிறது. அது உள்ளூராட்சி மன்றத்தையும் கேள்வி கேட்பதில்லை, மின்னிலையத்தையும் கேட்பதில்லை, எங்களையும் கேட்பதில்லை.

ஏற்கெனவே புகை குடித்த நுரையீரல்கள்

தொண்ணூறுகளில் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்குப் புகை புதிதல்ல. பொருளாதாரத் தடையும் மின்சாரமில்லாத இரவுகளும் சேர்ந்த அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில்தான் என் தலைமுறை எழுதப் பழகியது. மோட்டார் சைக்கிளும் வானும் மண்ணெண்ணெயில் ஓடின. திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயின் நிறையில் 7 முதல் 9 வீதம் வரை கரிப்புகையாக மாறுகிறது என்று 2012இல் வெளியான அளவீடு ஒன்று சொல்கிறது. எங்கள் மூக்கு ஓரங்களில் காலையில் படிந்திருந்த கறுப்பு அதுதான்.

அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த உடல்கள்தான் இன்றைய காற்றையும் சுவாசிக்கின்றன. நெஞ்சில் செல் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் மூச்சுத் தொல்லை தொடங்கிய பிள்ளைகள் இன்று பெரியவர்கள். குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள், எரிவாயு வாங்க வழியில்லாமல் விறகடுப்பில் சமைக்கிறார்கள். 2022 நெருக்கடியில் எரிவாயு இல்லாமல் விறகுக்குத் திரும்பியவர்களும் பலர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கு வகுத்த 24 மணிநேர வழிகாட்டி அளவு ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கை 2008இல் வகுத்த நியமம் 50. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காற்று சட்டப்படி ‘சரியான’ காற்று. பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு அது சரியான காற்றல்ல.

சுன்னாகம் கற்றுத்தந்த பாடம்

அளவீடு இல்லாத இடத்தில் நீதியும் இல்லை என்பதைச் சுன்னாகம் மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். கிணற்றில் எண்ணெய் மிதந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் ஓர் அறிக்கையை இன்னோர் அறிக்கை மறுத்தது. கடைசியில், அடிப்படை உரிமை மனு ஒன்றில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்று நீரின் பரிசோதனை முடிவுகள் ஆவணங்களாக இருந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

காற்றுக்கு அந்த வசதியும் இல்லை. தண்ணீரைப் போத்தலில் அடைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நேற்றைய காற்று நேற்றோடு போய்விடும். அன்றன்று பிடித்து, அளந்து, பதிந்து வைத்தால் மட்டுமே நாளைக்கு அது சாட்சி.

கேட்கவேண்டியது பெரிய விடயமல்ல. ஒன்று, ஈரத்தை நீக்கி அளக்கும் தரமான நிலையத்தின் தரவு, மணிக்கு மணி, ஈரப்பதனோடும் காற்றுத் திசையோடும் சேர்த்துத் தமிழில் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். இரண்டு, ஆண்டு முழுவதும் துணிக்கை மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, சேதனப் பொருள், குளோரைட்டு, விறகுப் புகையின் அடையாளச் சேர்வைகள் எல்லாம் பரிசோதிக்கப்பட வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலும் மருத்துவமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. வைத்தியசாலைகளின் சுவாச நோய்ப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டும் பார்க்கலாம். மூன்று, குப்பைமேட்டுத் தீ விபத்தாக அன்றி, பொறுப்புக்கூற வேண்டிய சம்பவமாகப் பதியப்பட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அதிகாலைச் சுட்டெண் ஒன்றை மட்டும் பார்த்துப் பதறாமல், ஈரம் குறையும் மதியத்திலும் அது இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அது நீரல்ல. அன்றைக்கு ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் வெளிவேலையைத் தவிர்ப்பது நல்லது. வெளியே போகத்தான் வேண்டுமென்றால் துணிக்கவசம் நுண்துணிக்கைகளைப் பெரிதாகத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமே உதவும். சருகைக் குழியில் போட்டுப் பசளையாக்குங்கள். பொலித்தீனை எரிக்கவே வேண்டாம்.

இந்தியாவோடு பேசவேண்டியதை அரசு பேசட்டும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் போகும்போது கையில் எங்கள் காற்றின் தரவு இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், சுன்னாகம் கிணறுகளுக்கு நடந்ததுபோல, எங்கள் மூச்சைப் பற்றியும் வேறு யாரோ அறிக்கை எழுதுவார்கள், வேறு யாரோ மறுப்பார்கள்.